ஊட்டச்சத்து படித்தவர்களுக்கு எங்கே இடம்?

(மனையியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதம் தொடங்கி 180 நாள், பிள்ளை பெற்றபின் இன்னொரு 180 நாள். இரும்பைப் பற்றி வகுப்பில் நிறையவே படிக்கிறீர்கள். கூட வரும் அந்த 500 மைக்ரோகிராமைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் வரலாற்றில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். இருவருக்கும் படித்த படிப்புக்குரிய மதிப்பு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. இருவருமே ஏதோ ஒரு காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடமாடியவர்கள். சமூக நலப்பணிக்குப் போகும் ஊட்டச்சத்து மாணவர் சந்திக்கும் தடைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று துறைத் தலைவர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் இவர்கள்தான்.

முதலாமவர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் தேர்வை முடித்தார். பட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களைத் தேர்வெழுத அனுமதித்தது, பட்டம் மட்டும் தராது. 1948 வரை அதே நிலைதான். அவர் தேர்வை முடித்த ஆண்டே தந்தை இறந்தார். இரண்டு ஆண்டில் சகோதரியும் இறந்தார். தாயோடு இலங்கைக்கு வந்தார், பிறகு தென்னாப்பிரிக்கா போனார். முதல் உலகப் போர் மூண்டபோது கேப் டவுனில் தொண்டர் செவிலியாக வேலை பார்த்தார். ஊர் திரும்பி, 1915இல் லண்டனில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மருத்துவராகத் தேர்ச்சி பெற்றபோது வயது 32. நம் ஊரில் அந்த வயதில் ஒரு பெண் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

1928இல் அவருக்கு பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது. இந்தியாவில் நெடுங்காலம் மருத்துவப் பணி செய்த மார்கரெட் பால்ஃபர், பிரசவ மரணங்களை ஆராயும் பணிக்கு அவரைக் கூப்பிட்டார். பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். பலர் இறந்தும் போனார்கள். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெருத்திருந்தன. இரும்புக் குறைவால் வரும் சோகையில் அணு சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு ஏதோ ஒன்று.

அவர் வேலை செய்த விதத்தை உங்கள் ஆய்வு முறையியல் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பேன். முதலில் நோய்த்தொற்றைத் தேடினார். காரணம் அங்கே இல்லை. அடுத்து அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கப் போனார். எந்தப் பிரிவுப் பெண்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், யாருக்கு நோய் அதிகம் என்று பொருத்திப் பார்த்தார். ஏழை முஸ்லிம் பெண்களின் உணவுதான் மிக மோசமாக இருந்தது. நோயும் அவர்களிடம்தான் அதிகம். பம்பாயில் தான் வேலை செய்த ஹாஃப்கின் நிறுவனத்தின் ஆய்வு மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தப் பொருத்தம் அவர் கண்ணில் பட்டிருக்காது.

1929இல் சில மாதங்கள் நம் குன்னூரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்று அதைக் கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்கிறோம். ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

அந்தப் பெண்கள் சாப்பிட்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. அழகான முடிவு. ஆனால் எலிகளின் உடம்பில் பேன் இருந்தது பிறகு தெரியவந்தது. அந்தப் பேன் பரப்பும் கிருமியே எலிகளுக்குச் சோகையை உண்டாக்கக் கூடியது. முடிவு கறைபட்டுவிட்டது. இதே நிலை நம் முனைவர்பட்ட மாணவி ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும்? உதவித்தொகை முடியும், கால நீட்டிப்புக்கு மனு எழுத வேண்டும், வழிகாட்டி கைவிரிப்பார். வில்ஸுக்கு நேரமும் நிதியும் இருந்தன; குரங்குகளை வைத்து மறுபடி செய்தார். இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

நோயாளிப் பெண்களுக்கு அவர் கொடுத்துப் பார்த்தது மார்மைட். மதுவடி ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்து, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் கரும்பசை. அது வேலை செய்தது. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியானது. அந்தப் பசையில் இருந்த எந்தப் பொருள் நோயைத் தீர்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியும்வரை காத்திருக்கவும் இல்லை. ஈஸ்ட் சாறுகளில் விலை குறைந்தது எது என்று பார்த்தார், அதைக் கொடுத்தார். கூலிக்காரப் பெண் எதை வாங்க முடியும் என்பதை ஆய்வின் உள்ளேயே ஒரு கேள்வியாக வைத்த அந்த மனம்தான் சமூக ஊட்டச்சத்துத் துறையின் அடிப்படை என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலையைக் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரையாகச் சேர்ப்பது நம்முடைய பழக்கம்.

பத்து ஆண்டு கழித்து, 1941இல், அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தார்கள். 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார்கள். செய்தது லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் குழு. அதன் ஆராய்ச்சி இயக்குநர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை அறையில் கதர் அங்கி அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியின் கதவு மூடியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு விரிவுரையாளரானார். இதற்கிடையில் உடன்பிறந்தவர் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். குடலில் சத்து ஏறாமல் ஆளை உருக்கும் ஸ்ப்ரூ என்ற நோய் அந்தக் குடும்பத்தைப் பிடித்தது. 1922இல் பாஸ்டன் போய் இறங்கினார். பிழைப்புக்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலைக்காரராக நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய, ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவிடும் முறையை உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நீங்களே செய்திருப்பீர்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்பது அதுதான். அத்தனை செய்தும் அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லிக்குப் போனார். ஐந்து ஆண்டில் ஃபோலிக் அமிலம். அதைக் கொடுத்தபோது ஸ்ப்ரூ நோயாளிகள் தேறினார்கள். தன் குடும்பத்தை வாரிக்கொண்டு போன நோய்க்கு மருந்து, கால் நூற்றாண்டு தாமதமாக. 1948இல், 53 வயதில் இறந்தார்.

சுப்பாராவின் வாழ்க்கையை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மேடை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலச்சட்டி கழுவியதால் அவர் விஞ்ஞானி ஆகவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த அறிவைச் சென்னை வெளியே தள்ளியது, அவ்வளவுதான். தடை அவரைச் செதுக்கியது என்று பாராட்டும்போது, தடையைப் போட்டவர்களுக்கும் கொஞ்சம் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவரைப் போலத் தள்ளப்பட்டு, கப்பல் கட்டணத்துக்கு யாரும் உதவாமல் இங்கேயே நின்றுவிட்டவர்களின் வரலாற்றை எவரும் எழுதவில்லை. மாணவியரே, உங்களுக்கு வரும் பின்னடைவை உங்கள் மன உறுதிக்கு வைத்த சோதனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் யாரோ ஒருவர் நிரப்பாமல் விட்ட பதவி, அல்லது யாரோ ஒருவர் நிறுத்திய நிதி.

நிதியைப் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய இடம் அது. 1923இல் சிக்கனம் என்று சொல்லி அதை மூடிவிட்டார்கள். 1925இல் மறுபடி திறந்தார்கள். அங்கிருந்துதான், பின்னாளில் அதன் இயக்குநரான அக்ராய்டின் உணவுச் சத்து அட்டவணை 1937இல் வந்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அங்கே பணியாற்றி வளர்ந்தார். 1958இல் அந்த நிறுவனம் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1925இல் திறக்காமல் விட்டிருந்தால், 1929இல் மலையேறி வந்த லூசி வில்ஸுக்கு ஊட்டச்சத்து ஆராய்ச்சித் துணை என்று குன்னூரில் எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்திலேயே இன்னொரு நிகழ்வு உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முன்னோடிப் பகுதி மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியம். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாளுக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிட்டு, தாய்க்கு ஆலோசனையைத் தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் சோறு போடும் சத்துணவுத் திட்டத்தை 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது அது ஒரு மாபெரும் கை. இது குழந்தை வாரியாகக் கணக்குப் பார்க்கும் கண். இரண்டும் வேண்டும். ஊட்டச்சத்துத் திட்டம் 1990களில் முடிந்து அங்கன்வாடி அமைப்போடு கலந்தபோது, அங்கன்வாடிப் பணியாளர்களின் வேலை தொடர்ந்தது. எடை அட்டையைப் படித்து, இந்தக் குழந்தைக்கு ஏன் எடை நின்றது என்று அந்த ஊர் உணவை வைத்தே சொல்லத் தெரிந்த நிபுணரின் இடம்தான் மெல்ல மெலிந்தது.

நான் முதுகலை முடித்ததும் முதலில் கிடைத்தது ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியலாளர் வேலை. சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அச்சடித்த தாளைக் கொடுப்பது, சமையலறையில் தட்டுகளை எண்ணுவது. பிறகு ஒரு தாய்சேய் நலத் திட்டத்தில் ஒப்பந்தப் பணி. கிராமம் கிராமமாகப் போனேன். நான் ஊட்டச்சத்தைக் கற்றது அங்கேதான். நிதி நின்றதும் ஒரு மின்னஞ்சலில் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எடுத்த உணவுக் கணக்கெடுப்புத் தாள்கள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. எனக்கு வேலை போனதைவிட அந்தத் தாள்கள் போனதுதான் இழப்பு.

அந்தத் தாள்களில் என்ன இருந்தது? உதாரணமாக ஒரு கர்ப்பிணி. ரத்தம் கம்மி என்று நர்சம்மா எழுதியிருந்தார். மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "சாப்பிட்டா வயித்தப் பெரட்டுதுக்கா. வெளிய போனா கறுப்பாப் போகுது. பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு எங்க அத்த சொல்லுது" என்றாள். மூன்று வாக்கியம், மூன்று வெவ்வேறு பிரச்சினை. வயிற்றுப் புரட்டலுக்கு, இரவு சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடச் சொல்லலாம். கறுப்பு நிறம் உடம்பு உறிஞ்சாத இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கலாம். மூன்றாவதற்கு அவளிடம் பேசிப் பயனில்லை, அத்தையிடம் உட்கார வேண்டும். அரசு கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்திலிருந்த பேரீச்சம்பழத்தை வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள் என்பதும் அத்தைக்குத்தான் தெரியும். மாத்திரை போட்டவுடன் டீ குடிக்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்தது; டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. இவ்வளவையும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், தடுப்பூசிக்கும் பதிவேட்டுக்கும் பிரசவக் கணக்குக்கும் நடுவில், எந்த நேரத்தில் கேட்பார்?

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. மாத்திரைத் திட்டம் தொடங்கியது 1970இல். அரை நூற்றாண்டாக மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சோகைக்கு இரும்புக் குறைவு மட்டுமே காரணமும் அல்ல. 2016–18இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 37 சதவீதம் பேருக்கு ஃபோலேட் குறைவு, 31 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. லூசி வில்ஸ் பம்பாயில் பார்த்த பெருத்த அணுக்கள் இன்னும் போகவில்லை.

இன்னொன்று. 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சோதனை, நரம்புக் குழல் குறையோடு ஒரு குழந்தை பெற்ற தாய்க்கு அடுத்த கருவுக்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. கருவின் நரம்புக் குழல் 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதித்து, நர்சம்மாவிடம் பதியும்போது அந்த 28 நாள் கடந்திருக்கும். நான்காம் மாதத்துச் சிவப்பு மாத்திரை இந்த ஒரு காரியத்துக்கு உதவாது. கல்யாணமான புதிதிலேயே அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போவது யாருடைய வேலை? இன்றைய தேதியில், அதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் ஒன்றியத்தில் எவரும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். வருடந்தோறும் நம் கல்லூரிகளிலிருந்து ஊட்டச்சத்துப் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். கிராமங்களில் இந்த வேலை கிடக்கிறது. நடுவில் பதவி இல்லை. 2018இல் மத்திய அரசின் போஷண் அபியான் என்ற ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது வட்டார அளவில் ஒருங்கிணைப்பாளர்களை எடுத்தார்கள், ஒப்பந்தமாக. கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேற்றும் மையங்களில் ஊட்டச்சத்து ஆலோசகர் பதவி உண்டு, மாவட்டத்துக்கு ஒன்று இரண்டாக. இணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஊட்டச்சத்துத் தொழிலையும் அங்கீகரித்துவிட்டது. அங்கீகாரத்துக்குப் பின் வர வேண்டிய நியமன ஆணைதான் பாக்கி. ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய பெண்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் ஜிம்மில் புரோட்டீன் பொடி விற்கிறார். ஒருவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். இருவரும் என்னோடு அங்கன்வாடிகளில் எடை போட்டவர்கள், குழந்தையின் மேற்கையை நாடாவால் அளந்து 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அன்றே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்கள். அந்தத் திறமையை மறுபடி உருவாக்க எத்தனை ஆண்டாகும்?

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு சமூக ஊட்டச்சத்து அலுவலர், நிரந்தரப் பதவி, வட்டார மருத்துவ அலுவலரின் கீழ். 388 பதவி என்பது இந்த மாநிலத்துக்குப் பெரிய செலவல்ல. அவருடைய வேலை அறிக்கை அனுப்புவதாக இருக்கக் கூடாது. எடை நின்ற குழந்தையின் வீட்டுக்குப் போவது, புதிதாகக் கல்யாணமான பெண்களைச் சந்திப்பது, மாத்திரை ஏன் அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு எழுதுவது, அந்தத் தாள்களைத் தொலைக்காமல் வைப்பது. லூசி வில்ஸுக்குக் கிடைத்த நேரம் அவருக்கும் கிடைக்க வேண்டும்: ஒரு கணக்கெடுப்பு பிசகினால் மறுபடி எடுக்கும் நேரம்.

கல்லூரியிடமும் ஒன்று கேட்கிறேன். இறுதியாண்டு மாணவியை இரண்டு வாரம் மருத்துவமனைச் சமையலறைக்கு அனுப்பும் பயிற்சியோடு, ஒரே கர்ப்பிணியைப் பதிவு செய்த நாளிலிருந்து பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பின்தொடரும் பயிற்சியையும் பாடத்தில் வையுங்கள். பேருந்துக் கட்டணத்தை மாணவியின் தலையில் கட்டாதீர்கள். இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்க முடியுமா என்று அறங்காவலர்கள் யோசிக்க வேண்டுகிறேன். 388 பதவிக்கான கோரிக்கையை, பணிவிவரமும் ஊதிய நிலையும் சேர்த்து, இந்தத் துறையே வரைந்து சுகாதாரத் துறைக்கு அனுப்பலாம். வரைவு தயாரானதும் சொல்லுங்கள். கள விவரங்களை எழுதித் தரவும், தலைமைச் செயலகத்துக்குக் கூட வரவும் நான் தயார். முதுகலை மாணவியர் யாருக்கு இதில் விருப்பமோ, கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், இன்றே பட்டியலைத் தொடங்கலாம்.